போன வருடப் பஞ்சாங்கத்துக்குப் புது அட்டை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நவம்பர் பிறப்பதற்குள் ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் ‘முதல் பதினைந்து வீரர்கள்’, ‘முதல் இருபது வீரர்கள்’ என்று பட்டியல்கள் வந்து குவிந்துவிடும். அவற்றை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று பாடம் நடத்தும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். எழுதியவர் பிக் டென் கான்ஃபரன்ஸை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். போன சீசனில் யாருடைய புள்ளிச் சராசரி எவ்வளவு, யாருக்கு என்ன விருது கிடைத்தது, இந்த இரண்டையும் பார்த்து மேலிருந்து கீழாக எழுதினால் போதும், மற்றதெல்லாம் ஜோசியம் என்கிறார். நிரூபித்தவருக்கு மேலே நிரூபிக்காதவரை வைப்பது அவமரியாதை என்கிறார். ஜானி டேவிஸ் மாதிரி ஒருவர் திடீரென்று முளைத்து வந்தால் அதை எவராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, ஆகவே யார் மேலும் குற்றமில்லை என்கிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதெல்லாம் சும்மா ஒரு பொழுதுபோக்குதானே என்று கடைசிப் பத்தியில் கையைக் கழுவிவிடுகிறார்.

இதற்குப் பெயர் தரவரிசை அல்ல. போன வருடப் பஞ்சாங்கத்துக்குப் புது அட்டை போட்டு விற்கிற வேலை. ஜோசியத்தைக் கண்டால் ஆகாது என்கிறவரே இந்த வியாபாரத்தில் இறங்கியிருப்பதுதான் வேடிக்கை.

அவர் தன் தரப்புக்கு அழைத்துவந்த சாட்சியையே முதலில் விசாரிப்போம். ஜானி டேவிஸ் 2020-21 சீசனில் விஸ்கான்சின் அணியின் முதலாண்டு மாணவர். பெஞ்சிலிருந்து இறங்கி ஆடினார், சராசரி 7 புள்ளிகள். அடுத்த சீசனில் 19.7 புள்ளி, 8.2 ரீபவுண்ட், பிக் டென்னின் ஆண்டின் சிறந்த வீரர் விருது. 2022 ஜனவரியில் பர்டூவின் சொந்த மைதானத்திலேயே 37 புள்ளிகள் அடித்தார். சீசனுக்கு முந்தைய ஊடகக் கணிப்பில் பத்தாம் இடத்தில் தள்ளப்பட்டிருந்த அணி, 15 வெற்றி 5 தோல்வியோடு இல்லினாயுடன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. நம் கட்டுரையாளருக்கு இது வானத்திலிருந்து விழுந்த அதிசயம்.

அதிசயமா? 2021 கோடையில் விஸ்கான்சின் அணியிலிருந்து யார் யார் போனார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அணியின் அதிகபட்சப் புள்ளிக்காரர் டிமிட்ரிக் டிரைஸ் போய்விட்டார். மைக்கா பாட்டர் போய்விட்டார். அலீம் ஃபோர்ட் போய்விட்டார். நேட் ரூவர்ஸ் சீசன் முடிவதற்குள்ளேயே விலகியிருந்தார். மூத்த ஆட்டக்காரர்களில் மிஞ்சியவர் பிராட் டேவிசன் ஒருவரே. பெஞ்சிலிருந்து வந்தே ஆட்டத்துக்கு இருபத்துநான்கு நிமிடம் ஆடிய ஒரு பையன் அதே கோடையில் லாட்வியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு அமெரிக்க அணியில் தேர்வாகி, தங்கப் பதக்கத்தோடு திரும்பியிருந்தான். காலியான இடம் கண் முன்னால் இருந்தது, அதில் உட்கார வேண்டியவனும் கண் முன்னால் இருந்தான். இரண்டையும் பார்க்காமல் போன சீசன் அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், யாராலும் பார்த்திருக்க முடியாது என்கிறார். தான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

டேவிஸ் தனி உதாரணம் என்று நழுவ முடியாதபடி, அதே சீசன், அதே கான்ஃபரன்ஸில் இன்னொருவர் இருக்கிறார். அயோவாவின் கீகன் மர்ரே. முதலாண்டில் 18 நிமிடம் ஆடி 7.2 புள்ளி, 5.1 ரீபவுண்ட். அடுத்த ஆண்டு 23.5 புள்ளி. பிக் டென் டோர்னமென்டை அயோவா வென்றபோது அதன் சிறந்த வீரரும் அவரே. 2022 என்பிஏ டிராஃப்டில் நான்காவதாக சாக்ரமென்டோ கிங்ஸ் எடுத்துக்கொண்டது. ஆக அந்தச் சீசனில் பிக் டென்னின் மிகப் பெரிய இரண்டு பெயர்கள், முந்தைய சீசனில் ஏழு புள்ளிச் சராசரி வைத்திருந்த இரண்டு பெஞ்ச் வீரர்கள். கட்டுரையாளரின் முறைப்படி பட்டியல் போட்டால் இருவருக்கும் முப்பதாம் இடத்தில்கூட நிற்க வழி இல்லை.

அயோவாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளரின் வாதத்துக்கு அங்கேதான் கழுத்து முறிகிறது. 2018-19ல் அந்த அணியின் முன்னணிப் புள்ளிக்காரர் டைலர் குக், 14.5. அடுத்து லூகா கார்சா, 13.1. குக் போனார். கார்சா அடுத்த சீசனில் 23.9க்குப் போனார், அதற்கடுத்த சீசனில் 24.1 அடித்து நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனார். 2021ல் கார்சா போனார், கூடவே 14.8 புள்ளிச் சராசரி வைத்திருந்த ஜோ வீஸ்காம்ப்பும் போனார். இருவருமாக ஆட்டத்துக்கு 39 புள்ளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் புள்ளிகளை யாராவது ஒருவர் அடித்துத்தானே ஆக வேண்டும்? கீகன் மர்ரே அடித்தார். 2022ல் கீகன் போனார். அவருடைய இரட்டைச் சகோதரர் கிரிஸ் மர்ரே 9.7லிருந்து 20.2க்கு ஏறினார். அந்த எல்லா ஆண்டுகளிலும் பயிற்சியாளர் அதே ஃபிரான் மெக்காஃபரி. வேகமாக ஓடி, நிறைய ஷாட் எடுத்து, முன்வரிசையில் ஒருவரை மையமாக வைத்துச் சுற்றும் அதே ஆட்டம். நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே கதை மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறையும் ஆச்சரியப்படுகிறவரை என்ன சொல்ல?

இது எப்போதும் பலிக்கும் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. கிரிஸ் மர்ரே போன பிறகு 2023-24ல் அயோவாவில் இருபது புள்ளிச் சராசரியை யாரும் தொடவில்லை, பாரம் பலபேருக்குள் பிரிந்துபோனது. இல்லினாயில் 2021ல் அயோ டோசுன்மு 20 புள்ளிச் சராசரியோடு கிளம்பியபோது அந்தப் பந்து ஆண்ட்ரே கர்பெலோவின் கைக்கு வரும் என்று நம்பியது நியாயமான கணக்கு. காயம் வந்து பாதிச் சீசனைத் தின்றது, 9.1லிருந்து 7.5க்கு இறங்கினார். கணக்கு பொய்த்தது. ஆனால் ஏன் பொய்த்தது என்று சுட்டிக்காட்ட முடிகிறது, அடுத்த முறை காயத்தின் அபாயத்தையும் சேர்த்து எடைபோட முடிகிறது. கட்டுரையாளரின் முறை பொய்க்கும்போது என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒன்றுமில்லை. ‘எதிர்பாராத எழுச்சி’ என்று ஒரு தலைப்பு போட்டுவிட்டு அடுத்த அக்டோபருக்கு அதே அட்டவணையைத் தூசி தட்டலாம்.

ஸாக் ஈடி விஷயத்தில் இந்த முறையின் அபத்தம் கணக்குப் பாடமாகவே தெரிகிறது. 2021-22ல் பர்டூவில் சென்டர் இடத்தை ஈடியும் ட்ரெவியன் வில்லியம்ஸும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டார்கள். ஈடி 19 நிமிடத்தில் 14.4 புள்ளி, வில்லியம்ஸ் 20 நிமிடத்தில் 12 புள்ளி. அதாவது நாற்பது நிமிட ஆட்டத்தில் அந்த ஒரே இடத்திலிருந்து 26 புள்ளிக்கு மேல் வந்துகொண்டிருந்தது. வில்லியம்ஸ் போனார். என்பிஏ டிராஃப்டில் ஐந்தாவதாக ஜேடன் ஐவியும் போனார். அடுத்த சீசனில் ஈடி 31.7 நிமிடம் ஆடி 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் எடுத்து நாட்டின் சிறந்த வீரர் ஆனார். இப்போது நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய விகிதம் நிமிடத்துக்கு 0.76 புள்ளி, புதிய விகிதம் 0.70. ஈடியின் வேகம் கூடவே இல்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது! பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம்தான் குறைந்தது. அந்த 22 புள்ளிகள் முந்தைய ஆண்டே அவரிடம் இருந்தன, களத்தில் நிற்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு இத்தனை என்ற சராசரியை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது. அந்த ஆண்டு சீசனுக்கு முந்தைய ஏபி செய்தி நிறுவனக் கணிப்பில் பர்டூவுக்கு முதல் 25ல் இடமே இல்லை. டிசம்பரில் அதே அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தது.

அட்டவணையின் அந்த ஒற்றை எண்ணின் மீது இவ்வளவு பக்தி வைத்திருப்பவர், அந்த எண் எதைக் கலந்து செய்யப்பட்டது என்று யோசித்ததாகவே தெரியவில்லை. அதில் வீரரின் திறமை இருக்கிறது. பயிற்சியாளர் கொடுத்த நிமிடங்கள் இருக்கின்றன. அணியின் வேகம் இருக்கிறது. ஒவ்வொரு தாக்குதலையும் ஆற அமர ஆடுவது விஸ்கான்சினின் நெடுநாள் வழக்கமாக இருந்தது, அங்கே எடுத்த பதினைந்தும் மெக்காஃபரியின் அயோவாவில் எடுத்த பதினைந்தும் ஒன்றல்ல. பக்கத்தில் ஆடியவர் எத்தனை ஷாட்டை விட்டுவைத்தார் என்பதும் அதற்குள் இருக்கிறது. இதையெல்லாம் பிரித்துப் பார்க்க நூறு பொசஷனுக்கு எத்தனை என்று கணக்கிடும் முறையை கென் பொமராய் போன்றவர்கள் இருபது ஆண்டுக்கு மேலாக ஊருக்கே திறந்துவைத்திருக்கிறார்கள். அதற்கும் ஜோசியம் என்றே பெயர் வைத்துவிட்டார் போலிருக்கிறது.

அடுத்து அந்த மரியாதைப் பிரசங்கம். நிரூபித்தவர், நிரூபிக்காதவர் என்று இரண்டு சாதி பிரித்து, முதலாமவர்களை எப்போதும் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்கிறார். சீசனுக்கு முந்தைய பட்டியல் பாராட்டு விழா மேடை இல்லை. செய்ததற்கு மரியாதை செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. அயோவா பல்கலைக்கழகம் கார்சாவின் 55ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வுபெறச் செய்தது, அது மரியாதை. வரப்போகிற மார்ச் மாதத்தில் யார் சிறந்து நிற்பார் என்ற கேள்விக்கு போன மார்ச்சின் பதிலை எழுதிக்கொடுப்பது மரியாதை அல்ல, கேள்வியைப் படிக்காமல் எழுதிய விடைத்தாள்.

கேள்வியைப் படிக்காமல் எழுதினால் மதிப்பெண் எவ்வளவு வரும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. பிக் டென்னில் சீசனுக்கு முன்பே ஊடகக் குழு ஒன்று ‘ஆண்டின் சிறந்த வீரர்’ யார் என்று கணித்துச் சொல்கிறது. 2015-16ல் மெலோ டிரிம்பிள் என்றார்கள், விருதை டென்சல் வாலன்டைன் வாங்கினார். அடுத்த ஆண்டு நைஜல் ஹேய்ஸ் என்றார்கள், வாங்கியவர் காலெப் ஸ்வானிகன். மைல்ஸ் பிரிட்ஜஸ் என்றார்கள், கீட்டா பேட்ஸ்-டியாப் வாங்கினார். கார்சன் எட்வர்ட்ஸுக்குப் பதில் காஷியஸ் வின்ஸ்டன், வின்ஸ்டனுக்குப் பதில் கார்சா, கோஃபி காக்பர்னுக்குப் பதில் டேவிஸ், ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸுக்குப் பதில் ஈடி. 2024-25 வரையிலான பத்து சீசன்களில் பலித்தது மூன்று. (2014-15ஐயும் சேர்த்தால் ஃபிராங்க் கமின்ஸ்கியின் புண்ணியத்தில் இன்னொன்று கூடும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.) பலித்த மூன்றில் கார்சாவும் ஈடியும் ஏற்கெனவே விருதைக் கையில் வைத்திருந்தவர்கள், அவர்கள் பெயரை எழுதப் பேனாவைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

மூன்றாவது பலிப்புதான் கட்டுரையாளருக்குச் சங்கடம். 2024-25ல் ஊடகக் குழு தேர்ந்தெடுத்தது பர்டூவின் பிரேடன் ஸ்மித்தை. முந்தைய சீசனில் அவருடைய சராசரி 12 புள்ளி. விருதுப் பத்தியில் அவருக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை, ஆனால் புள்ளிப் பத்தியில் அவர் எங்கோ கீழே கிடப்பார். அவரை மேலே தூக்கியது வேறு இரண்டு விஷயங்கள். ஆட்டத்துக்கு 7.5 அசிஸ்ட். அதோடு, இரண்டு ஆண்டு பர்டூவின் பந்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த ஈடி என்பிஏவுக்குப் போய்விட்டார் என்ற செய்தி. ஸ்மித் 15.8 புள்ளி, 8.7 அசிஸ்டோடு விருதை வாங்கினார். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டுக் காலியிடத்தைப் பார்த்த ஆண்டில் கணிப்பு பலித்திருக்கிறது.

தவறிப்போன ஆண்டுகளிலும் இதே சுவடு தெரிகிறது. ஸ்வானிகன் 10.2லிருந்து 18.5க்கு ஏறிய ஆண்டில் பர்டூவின் பெரிய சென்டர் ஏ.ஜே. ஹாமன்ஸ் என்பிஏவுக்குப் போயிருந்தார். பேட்ஸ்-டியாப் காயத்தால் ஒன்பதே ஆட்டங்களோடு முடித்த சீசனுக்கு அடுத்த ஆண்டில், ஒஹாயோ ஸ்டேட் அணியின் முக்கியமான மூவர் கிளம்பியிருந்தார்கள், பயிற்சியாளரும் புதியவர். கணிப்பு பலித்த விஸ்கான்சினின் கமின்ஸ்கியே 2012-13ல் 4.2 புள்ளிக்காரர்தான். முன்வரிசை மூத்தவர்கள் படிப்பு முடித்துப் போன கையோடு, 2013 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 43 அடித்துப் பல்கலைக்கழகச் சாதனையை எழுதினார்.

இல்லினாயின் காக்பர்ன் பெயரைச் சொல்லி எனக்குப் பதில் வரக்கூடும். அவரை முதலிடத்தில் வைத்தார்கள், அவரும் 20.9 புள்ளி, 10.6 ரீபவுண்டோடு அதை நியாயப்படுத்தினாரே என்று. உண்மை. முதல் இரண்டு இடங்கள் அனேகமாக யார் எழுதினாலும் கௌரவமாகத்தான் இருக்கும். பட்டியல் போடுகிறவரின் தகுதி தெரிவது நான்காம் இடத்திலிருந்து பதினைந்தாம் இடம் வரை. அங்கே தெரிந்த பெயர்களை நிரப்பிவிட்டு நகர்கிறவரைப் படிக்க எதற்கு ஒருவர் நேரம் செலவழிக்க வேண்டும்? அந்த அட்டவணை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

பொழுதுபோக்குதானே என்ற கடைசி வரிக்கு அதிக மை வீணாக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்கு என்றால் மற்றவர்களை ஜோசியக்காரர்கள் என்று ஏசியிருக்கக் கூடாது, அவமரியாதை என்று மூக்கைச் சிந்தியிருக்கக் கூடாது. முக்கால் கட்டுரைக்கு நீதிபதியாக உட்கார்ந்துவிட்டு, கால் கட்டுரையில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறவரோடு எந்தப் பேச்சும் பேச முடியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இவருடைய முறை ஒரு காலத்தில் ஓரளவுக்காவது ஒப்பேற்றியிருக்கலாம், மூன்று நான்கு ஆண்டு ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பயிற்சியாளரிடம் வீரர்கள் ஆடிய காலத்தில். 2021 முதல் ஒரு வீரர் ஒரு முறை அணி மாறினால் ஓராண்டு வெளியே உட்காரத் தேவையில்லை என்றானது, அப்புறம் அந்த ஒரு முறை என்ற வரம்பும் போய்விட்டது. பெயரில் மட்டும் பத்தை வைத்துக்கொண்டிருக்கும் பிக் டென்னில் 2024 முதல் பதினெட்டு அணிகள். கோடைதோறும், அணி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பாதி அணி மாறுகிறது. போன சீசன் சராசரி என்பது இன்று பல வீரர்களுக்கு வேறு ஊரில், வேறு ஆட்டமுறையில், வேறு தரத்து எதிரிகளோடு எடுத்தது.

2022ல் மேரிலாந்துக்கு வந்த ஜாமிர் யங் அதற்கு முன் சார்லட்டில் 19.6 புள்ளிக்காரர். முதல் ஆண்டில் 15.8க்கு இறங்கினார், இடம் பழகியபின் அடுத்த ஆண்டில்தான் இருபதைத் தாண்டினார். அதே 2022ல் டெக்ஸஸ் டெக்கிலிருந்து இல்லினாய்க்கு வந்த டெரன்ஸ் ஷானன் 10.4 புள்ளிக்காரர். வந்த ஆண்டே 17.2, மறு ஆண்டு 23. ஏன்? காக்பர்ன், டிரென்ட் ஃப்ரேசியர், அல்ஃபோன்சோ பிளம்மர், கர்பெலோ என்று இல்லினாய் வீடே காலியாகியிருந்தது. கட்டுரையாளரின் அட்டவணை யங்கை ஷானனுக்கு ஒன்பது புள்ளி மேலே வைத்திருக்கும்.

முதலாண்டு மாணவர்கள் விஷயத்தில் அந்த அட்டவணைக்குப் பேச்சே இல்லை. 2024-25ல் ரட்கர்ஸுக்கு வந்த டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் 19.4, 17.6 என்று அடித்தார்கள், 2025 டிராஃப்டில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் போனார்கள். (அணி 15 வெற்றி 17 தோல்வியில் முடிந்தது வேறு சோகம்.) போன சீசன் புள்ளி மட்டும்தான் சான்று என்றால் இந்த இருவருக்கும் பட்டியலில் பூஜ்யம். அப்படியே விட்டுவிடுகிறாரா என்று பார்த்தால் இல்லை, முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் பள்ளிக்கூட ஆட்டக்காரர் தரவரிசையைப் பார்த்து ஓர் இடம் கொடுத்துவிடலாம் என்று ஓரமாக ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து பிக் டென்னையே பார்த்த இரண்டாமாண்டுக்காரனுக்குக் கிடைக்காத சலுகை, கல்லூரி வாசலையே மிதிக்காதவனுக்குக் கிடைக்கிறது. அதுவும் எதை நம்பி? டொரான்டோவில் பேஸ்பாலும் ஹாக்கியும் ஆடி வளர்ந்து, உயர்நிலைப் பள்ளியில்தான் கூடைப்பந்தைத் தொட்ட ஸாக் ஈடியை நானூறுக்கும் கீழே எழுதிவைத்திருந்த பட்டியல்களை நம்பி.